முன் பிரேக்

இஃப்திகார் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத கைப்பிடியைப் பிடித்தான். வலது கை விரல்களை வெடுக்கென்று மடக்கினான். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து முன்பக்கம் சாய்ந்தான்.

"இப்புடித்தான். முன்னாடி பிரேக்க புடிச்சிருப்பாரு. பின் சக்கரம் அப்டியே எழும்பி அண்ணனத் தூக்கி அடிச்சிட்டுது."

பந்தலின் கீழ் இருந்தவர்கள் ச்சு கொட்டினார்கள்.

உள்ளறை ஜன்னலின் திரை இடுக்கு வழியாகச் சாதிகா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறந்துபோனவர் அவள் கணவர் அமீனுதீன். நடித்துக் காட்டுகிறவன் அவருடைய தம்பி. பெண்ணாடம் ரோட்டில் நேற்றுக் காலை அவர் வண்டி கரும்பு டிராக்டரின் டிரெய்லரில் மோதியபோது, தம்பி விருத்தாசலத்தில் தன் வீட்டு மொட்டைமாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். அது ஒரு தடையாகவே இல்லை. துக்கம் கேட்க யார் புதிதாக வந்து உட்கார்ந்தாலும் முதலிலிருந்து நடித்தான். காலையில் கைப்பிடிக்கு மேல் லேசாக எழும்பிய அண்ணன், வெயில் ஏறுவதற்குள் கரும்பு டிராக்டரின் உயரத்துக்குப் பறக்கத் தொடங்கியிருந்தார். மய்யித்து ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு இன்னும் தாமதமானால் புகைவண்டிப் பாலத்தைத் தாண்டிவிடுவார் என்று சாதிகா நினைத்துக்கொண்டாள்.

அவள் தனியார் பள்ளி ஒன்றில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பையன்களை அவளுக்குப் பிடிக்கும். தெரியாததைக் கையை ஆட்டி விளக்குகிறவர்களுக்கு அந்த வகுப்பில் அவள் என்ன செய்வாள் என்பது ஊருக்கே தெரியும். இங்கே ஒன்றும் செய்ய முடியாது. நேற்றிலிருந்து அவள் இத்தாவில் இருக்கிறாள். வெள்ளைச் சேலை, உள்ளறை, திரை. கணவனை இழந்தவள் அந்தக் காலம் முடியும்வரை அந்நிய ஆண்கள் எதிரில் வரக்கூடாது. கொழுந்தனும் அந்நிய ஆண்தான்.

மடியில் அவளுடைய தம்பி ஷமீமின் கைபேசி இருந்தது. நேற்று இடத்துக்கு முதலில் ஓடியவன் அவன்தான். போலீஸ் வருவதற்குள் படம் எடுத்திருந்தான். அவள் அந்தப் படங்களை மறுபடி மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள். அவற்றில் கணவர் இல்லை. ரோடும் வண்டியும்தான்.

ரோட்டில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. நேராகத் தொடங்கி, நீளமாக வந்து, கடைசியில் பாம்புபோல் நெளிந்து, டிரெய்லருக்கு அடியில் போய் முடிந்தது. உருளுகிற டயர் அப்படிக் கோடு போடாது. உருளாமல் இழுபடுகிற டயர்தான் போடும். அடுத்த படத்தில் வண்டியின் முன் சக்கரம். அதன் டிஸ்க் முழுக்கத் துரு. தினமும் பிரேக் பிடிக்கிறவன் வண்டியில் அந்தத் தகடு எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னும். பிரேக் கட்டைகள் உரசி உரசித் துருவை அண்டவிடாது. இந்தத் தகடோ பழைய இரும்புக் கடையில் கிடப்பதுபோல் பழுப்பேறிக் கிடந்தது.

தூக்கி அடித்த முன் பிரேக்காம். அதைத்தான் இருபது வருடமாக இந்த மனிதர் தொட்டதே இல்லையே.

தொடாததற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். கல்யாணமான புதிதில் மணிமுத்தாற்று மணலில் வண்டியைத் திருப்பும்போது முன் பிரேக்கை ஒரே இறுக்காக இறுக்கி விழுந்தார். முன் பல்லில் ஒரு மூலை போயிற்று. மணலில், கைப்பிடி திரும்பியிருக்கும்போது, வெடுக்கென்று பிடித்தால் எந்த வண்டியும் விழும். அவர் அதிலிருந்து கற்றுக்கொண்டது வேறு. கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டவன், டீயே விஷம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கதைதான். "முன் பிரேக்கு மூதேவி. அதத் தொட்டா தூக்கிப் போட்டுடும்" என்று தம்பிக்குச் சொன்னார், அக்கா பிள்ளைக்குச் சொன்னார், கடைக்கு வந்தவர்களுக்குச் சொன்னார். மகள் நாஜியா ஸ்கூட்டர் பழகியபோது, வலது கையில் ஒரு கைக்குட்டையைக் கட்டி, "இந்தக் கை பிரேக்குக்குப் போவக்கூடாது" என்றார்.

இத்தனைக்கும் ஊறுகாய் ஜாடி வியாபாரி. செராமிக் ஜாடியைப் பெட்டியில் அடுக்கும்போது அவரைப்போல் ஆள் கிடையாது. ஜாடிக்கும் ஜாடிக்கும் நடுவில் வைக்கோலைத் திணிப்பார். வைக்கோல் என்ன செய்கிறது? ஜாடி ஒரே அடியாக நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நிற்க இடம் கொடுக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அதே விஷயம்தான் பிரேக்கிலும் என்று அவள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "டீச்சரம்மா வகுப்பு ஆரம்பிச்சிட்டாங்கடி" என்று நாஜியாவைப் பார்த்துச் சிரிப்பார். எட்டாம் வகுப்புப் பையனுக்கு அரைமணி நேரத்தில் ஏறியது அவருக்குக் கடைசிவரை ஏறவில்லை. நேற்று டிரெய்லருக்கு அடியில் கிடந்த பெட்டியில் பாதி ஜாடிகள் உடையவே இல்லை என்று ஷமீம் சொன்னான்.

"என்னத்த அந்த போனையே நோண்டிக்கிட்டு?" என்றாள் அஸ்பியா. அமீனுதீனின் அக்கா, சாதிகாவுக்கு மச்சி. தன் கணவருக்கான இத்தாவை ஜன்னல்கூடத் திறக்காமல் இருந்து முடித்தவள். "ஓது புள்ள. அவனுக்கு அதுதான் போய்ச் சேரும்."

"அவங்க வெளிய சொல்றது தப்பு மச்சி. அவரு முன் பிரேக்கே புடிக்கல. புடிக்காததுனாலதான்..."

"மவுத்தானவனப் பத்தி நல்லதத்தான் பேசணும்" என்று அஸ்பியா உதட்டில் விரல் வைத்தாள். "எந்தம்பி தப்பா ஓட்டினான்னு நீயே சொல்லுவியா?"

அப்போதுதான் சாதிகாவுக்கு அந்த நடிப்பின் சூட்சுமம் விளங்கியது. யாராவது ஒருவர் மேல் குற்றம் விழுந்தாக வேண்டும். அமீனுதீன் மேல் விழக்கூடாது. டிராக்டர்காரன் சர்க்கரை ஆலைக்குப் போகிற வரிசையில் ஓரமாக நின்றிருந்தான், அவன்மேல் போடவும் வழியில்லை. ஆகவே கைப்பிடியில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு இரும்புத் துண்டின் மேல் போட்டுவிட்டார்கள். அது பதில் சொல்லாது.

வெளியே குரல்கள் மாறின.

"நம்ம நாஜியா வண்டி எதுங்க?" என்றது பழமலைநாதனின் குரல். பக்கத்து வீடு, ஆட்டோ ஓட்டுகிறவர்.

"இந்த நீலம்தாங்க. அண்ணி ஸ்கூலுக்குப் போவாங்க, இனிமே புள்ளதான ஓட்டப்போவுது" என்றான் இஃப்திகார்.

"இருங்க, ஸ்பேனர் எடுத்தாரேன். கேபிள லூசு பண்ணி வுட்டுட்டா கை தவறிப் புடிச்சாலும் முன் பிரேக்கு வுழாது. பொம்பளப் புள்ள பாருங்க."

சாதிகா திரையைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஸ்கூட்டரின் முன் சக்கரத்தின் நடுவில், கேபிள் வந்து முடிகிற இடத்தில் ஒரு நட்டு இருக்கும். அதை இறுக்கினால் கேபிள் விறைப்பாகும். விரலை மடக்கியதும் சக்கரம் கேட்கும். தளர்த்தினால் கேபிள் தொய்ந்துபோகும். கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் தொய்வு மட்டுமே தீரும், சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேராது. அந்த நட்டை இஃப்திகார் தன் கையாலேயே திருகிக்கொண்டிருந்தான். அவன் கண்களிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருவனுக்கு வந்த ஞானம் பந்தல் முழுவதற்கும் வந்தது. "எனக்கும் லூசு பண்ணி வுடுங்க" என்று ஒருவர் எழுந்தார். ஸ்பேனர் கைமாறியது. தெருவோரம் வரிசையாக நின்ற வண்டிகளின் முன் சக்கரங்களுக்கு அருகில் வெள்ளைத் தொப்பிகள் குனிந்தன. அமீனுதீனுக்குக் கடைசி மரியாதையாக அவருடைய அறிவீனத்தை ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

"எனக்கு டிஸ்க்குங்க, நட்டே இல்லியே" என்றான் ஒருவன்.

"அப்ப ரெண்டு வெரலையும் பாக்கெட்ல வெச்சிக்கிட்டு ஓட்டு" என்றார் பழமலைநாதன். சாவு வீடு என்பதை மறந்து நாலு பேர் சிரித்து, உடனே இருமிக்கொண்டார்கள்.

சாதிகா ஷமீமைக் கூப்பிட்டுக் கறுப்புக் கோட்டையும் துருவையும் காட்டினாள். அவன் கேட்டுக்கொண்டு கைபேசியை வாங்கிக்கொண்டான். வெளியே போனான். யாரிடமோ ஏதோ ஆரம்பித்தான். தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தான்.

"அக்கா, இப்ப பேசுற விஷயமாக்கா இது?"

"வேற எப்ப பேசுறது? அடுத்த மவுத்துக்கா?"

அவள் இஃப்திகாரை வரச் சொன்னாள்.

அவன் வந்து வாசல்திரைக்கு அந்தப் பக்கம் நின்றான். கிரீஸ் படிந்த கால் கட்டைவிரல் மட்டும் திரைக்குக் கீழே தெரிந்தது.

"சொல்லுங்க அண்ணி."

"தம்பி, பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போறோம். டிரைவர் பிரேக் அடிக்கிறாரு. நாம எந்தப் பக்கம் சாய்வோம்?"

"...முன்னாடி."

"வண்டியும் அப்படித்தான். பிரேக் புடிச்சதும் பாரம் எல்லாம் முன் சக்கரத்துக்குப் போயிடுது. பின் சக்கரம் லேசாயிடுது. ரோட்ட எந்தச் சக்கரம் கெட்டியா புடிக்கும்? பாரம் இருக்கிறதா, இல்லாததா?"

"பாரம் இருக்கிறதுதான்."

"அப்ப எந்த பிரேக்கு வண்டிய நிறுத்தும்?"

திரைக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அவன் அந்த இடத்துக்கு வந்துவிட்டான் என்று சாதிகாவுக்குத் தெரிந்தது. வகுப்பில் பையன்களின் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அதற்கு முந்திய கணம். இன்னும் ஒரு அடி.

"லேசான பின் சக்கரத்த மட்டும் முழு பலத்தோட மிதிச்சா அது சுத்தறத நிறுத்திட்டு வழுக்கும். அதான் அந்தக் கோடு. ரெண்டையும் சேத்து, முன்னாடிய மெல்லத் தொடங்கி இறுக்கியிருந்தா பாதித் தூரத்துல நின்னிருப்பாரு. நீங்க கழட்டினது நாஜியா உசுர நிறுத்துற பிரேக்கு தம்பி. இறுக்கி வுட்டுருங்க."

"அப்ப எங்கண்ணன் என்ன, பிரேக் புடிக்கத் தெரியாம செத்தாருன்றீங்களா?"

சாதிகா திரையை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"அண்ணி, நீங்க துக்கத்துல இருக்கீங்க" என்றான் அவன். "அண்ணன் புள்ளைய எம்புள்ளயாட்டம் பாத்துக்கறேன். இனிமே அதுக்கு எதுவும் ஆவாது. நானே என் கையால திருகியிருக்கேன்."

கட்டைவிரல் திரும்பிப் போயிற்று. பாசத்துக்கு மட்டும் பாடம் எடுக்க முடியாது என்று சாதிகா எரிச்சலோடு நினைத்தாள்.

பிறகு மய்யித்து வந்தது. முற்றத்தில் துணி கட்டி மறைத்தார்கள். இஃப்திகார் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு அண்ணனைக் குளிப்பாட்டப் போனான். கஃபன் துணி சுற்றினார்கள். பெண்களை வந்து முகம் பார்க்கச் சொன்னார்கள்.

முகத்தில் ஒரு காயமும் இல்லை. ஹெல்மெட் போட்டிருந்தார், அதை மட்டும் அவள் சொல்லிக் கேட்டிருந்தார். அடி நெஞ்சில். உதடு சற்றே திறந்து, உடைந்த பல்லின் மூலை தெரிந்தது. டீச்சரம்மா என்று ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்தது. அழாமல் நிற்கிறவளைப் பெண்கள் பார்த்தார்கள். நாஜியா அவள் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். அந்த வலது கை அம்மாவின் சேலையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. சாதிகா அதையே பார்த்தாள். மெலிந்த விரல்கள். பிரேக்குக்குப் போகக்கூடாது என்று பழக்கப்பட்டவை.

ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். கலிமா சொல்லிக்கொண்டு அத்தனை பேரும் நடந்தே போனார்கள். சத்தம் தெருமுனையைத் திரும்பித் தேய்ந்தது. வண்டிகள் மட்டும் தெருவோரம் நின்றன. ஒரு நாற்காலியின் மேல் ஸ்பேனர் கிடந்தது.

வீட்டில் ஓதும் முணுமுணுப்பு மட்டும் இருந்தபோது அஸ்பியாவின் கைபேசி அடித்தது. ஷமீம்.

"மச்சி, இஃப்திகாருக்கு வீசிங் வந்துட்டுது. மண்ணு தூசி. மூச்சே வுட முடியல. மருந்து சட்டப் பாக்கெட்ல இருக்குதாம், சட்ட வூட்டுல மாட்டியிருக்குதாம். எல்லாம் நடந்து வந்துட்டோம், வண்டியெல்லாம் அங்கதான் நிக்குது. நாஜியாகிட்ட குடுத்தனுப்புங்க, நான் கபர்ஸ்தான் வாசல்ல நிக்கிறேன். சீக்கிரம்!"

அஸ்பியா ஆணியில் தொங்கிய சட்டையைத் துழாவி, உறிஞ்சும் மருந்தை எடுத்து நாஜியாவின் கையில் திணித்தாள். "ஓடு புள்ள!" நாஜியா சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அழுது வீங்கிய கண்கள். வழியில் பாலத்தின் இறக்கம். இறங்கியதும் பஸ்ஸும் ஆட்டோவும் முட்டிக்கொள்ளும் முனை.

ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டதும் சாதிகா எழுந்தாள்.

"எங்க போற? சாதிகா! இத்தாடி!" அஸ்பியா அவள் கையைப் பிடித்தாள். சாதிகா உதறிவிட்டு உள்ளறையைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்து."

"அம்மா, சின்னத்தாவுக்கு மூச்சு..."

"தெரியும். நிறுத்துன்னேன்."

நாற்காலியிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். வெள்ளைச் சேலை மண்ணில் பட முன் சக்கரத்தருகே மண்டியிட்டாள். நட்டு கடைசி மரைவரை வந்து நின்றது. இன்னும் ஒரு திருகு திருகியிருந்தால் கழன்றே விழுந்திருக்கும், முட்டாள்தனத்திலும் அரைகுறைதான். கேபிள் வந்து சேரும் சிறிய இரும்புக் கையை இடது உள்ளங்கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினாள். அவசரப்படவில்லை. அதிகம் இறுக்கினால் சக்கரம் ஓயாமல் உரசும், குறைத்தால் பிடிக்காது. நடுவில் ஒரு இடம் இருக்கிறது.

"அங்க அவன் சாகக் கெடக்குறான்! ஊரே பாக்குது!" என்று வாசலிலிருந்து அஸ்பியா கத்தினாள்.

"புடிச்சிப் பாரு."

நாஜியாவின் கை தயங்கியது. "வலது கையா?"

"வலது கைதான். புடி."

பிடித்தாள்.

"பாதியில நிக்குதா?"

"நிக்குதும்மா."

"தெருமுனைக்கு முன்னாடி ஒரு தடவ புடிச்சிப் பாத்துக்க. வண்டிய நேரா வெச்சிக்கிட்டு ரெண்டையும் சேத்துப் புடி. முன்னாடிய வெடுக்குன்னு புடிக்காத, எலுமிச்சம்பழம் புழியற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கு. பாலத்து இறக்கத்துலயும் அதேதான்."

"ஆனா அத்தா முன்னாடிய தொடவே கூடாதுன்னு..."

"உங்கத்தா சொன்னது தப்பு."

வாசலில் நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் அது கேட்டது. கபர்க் குழிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் மனிதரைப் பற்றி அவர் பெண்டாட்டி நடுத்தெருவில் நின்று சொன்ன சொல். அஸ்பியா "யா அல்லாஹ்" என்றாள். சாதிகா மகளின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"அவரு நல்ல மனுசன். அது வேற. இது தப்பு. போ."

ஸ்கூட்டர் நகர்ந்தது. தெருமுனையில் வேகம் குறைந்தது. பின்விளக்கு சிவந்தது. வண்டியின் முன்பக்கம் லேசாகக் குனிந்து, ஆடாமல் அசையாமல் நின்று, நிமிர்ந்து, திரும்பி மறைந்தது.

சாதிகா அதே இடத்தில் நின்றிருந்தாள். உள்ளே போகிறாள் என்று நினைத்துப் பெண்கள் வழிவிட்டார்கள். அவள் அடுத்து நின்ற வண்டியிடம் போனாள். பழமலைநாதனின் மகன் ஓட்டுகிற வண்டி. குனிந்து பார்த்தாள். கேபிள் தொய்ந்து தொங்கியது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, நட்டைத் திருகத் தொடங்கினாள். அது முடிந்ததும் அதற்கு அடுத்த வண்டி.

கைபேசி மறுபடி அடித்தது. அஸ்பியா எடுத்து, கேட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். மருந்து போய்ச் சேர்ந்திருந்தது. தெருமுனையில் மோர் விற்பவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. ஆண்களும் எந்த நேரமும் திரும்பிவிடலாம்.

அஸ்பியா படியிறங்கி வந்தாள். திட்டப்போகிறாள் என்று சாதிகா தலையைத் தூக்கவில்லை. அவள் சற்று நேரம் வண்டிகளின் வரிசையைப் பார்த்தபடி நின்றாள்.

"அந்தக் கடேசிக் கருப்பு வண்டி எம்புள்ளது" என்றாள். "அதையும் பாத்துடு."

பிறகு தன் துப்பட்டாவை உருவி, இரு கைகளாலும் விரித்துப் பிடித்து, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாதிகாவை மறைத்து நின்றாள்.